கரம் (கேரம்) போட்டி: எதிராளி முன்னே ஆடியதைக் குறித்து வைத்தால் பலன் உண்டா?

கொழுந்துக்கூடை | 2024 ஜூன் 3, இரவு 8.15

தேயிலைத் தோட்டப் போட்டிகளில் காலிறுதி தாண்டினால் எப்போதும் அதே ஏழெட்டுப் பேர்தான். அவர்கள் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து, "இவர் இடது கட் விடுவார்", "இவர் சிவப்புக்கு அவசரப்படுவார்" என்று எழுதிக்கொண்டு போகிறோம். (கட் என்றால் காயின் ஓரத்தில் பட அடிப்பது, விடுவது என்றால் காய் குழியில் விழாமல் போவது, சிவப்பு என்றால் நடுவில் வைக்கும் ராணிக் காய்.) எதிரே உட்கார்ந்ததும் அதே ஆள் வேறு மாதிரி ஆடுகிறார். விடுவார் என்று எழுதிய இடது கட் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுகிறது. என் கருத்து: பார்த்து வைப்பது வீண் வேலை. நம் காயை நாம் போட்டால் போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மேக்கணக்கு | ஜூன் 3, இரவு 9.50

வீண் இல்லை தம்பி. எழுதிய விதத்தில்தான் பிழை.

"இடது கட் விடுவார்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு அடியை. அந்த அடியை எழுதுங்கள்: எத்தனையாவது போர்டு (காய் அடுக்கித் தொடங்கி முடியும் ஒரு சுற்று, பல போர்டு சேர்ந்தது ஒரு கேம்), அவர் வெள்ளையா கறுப்பா, புள்ளி என்ன, எந்தக் குழிக்கு அடித்தார், விழுந்ததா. விழாவிட்டால் ஸ்ட்ரைக்கர் காயில் எப்படிப் பட்டது என்பதும் வேண்டும். மெல்லிசாகப் பட்டால் காய் ஒரு பக்கம் விலகும், தடிப்பாகப் பட்டால் மறுபக்கம். நாலு தடவையும் மெல்லிசாகவே பட்டிருந்தால் அது அவர் கண்ணில் ஊறிய பழக்கம், அடுத்த மாதமும் இருக்கும். இரண்டு இப்படி, இரண்டு அப்படி என்றால் அது அன்றைய கை, அல்லது அன்றைய பலகை.

விழுந்ததையும் எழுத வேண்டும். விட்டதை மட்டும் எழுதுகிறவருக்குத்தான் நீங்கள் சொன்ன ஏமாற்றம் வரும். நாலு விட்டார் என்று கொப்பியில் இருக்கும். அதே கட் பதினாறு தடவை விழுந்தது எங்கேயும் இருக்காது.

கொழுந்துக்கூடை | ஜூன் 4

ஒரு அடிக்கு 15 செக்கன்தான். நல்ல ஆள் அஞ்சு செக்கனில் அடித்துவிடுவார். இவ்வளவும் எழுத நேரம் ஏது?

மேக்கணக்கு | ஜூன் 4, மாலை

சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழிகளுக்கு அந்த ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து எண் போடுங்கள்: எதிர்ப்பக்கம் இடது 1, எதிர்ப்பக்கம் வலது 2, தன் பக்கம் வலது 3, தன் பக்கம் இடது 4. அடிக்கு ஒரு எழுத்து: நேர் அடி நே, கட் க, கரையில் பட்டுத் திரும்பும் டபுள் ட, பெருவிரலால் அடிக்கும் தம் த. விழுந்தால் +, மெல்லிசாகப் பட்டு விட்டால் மெ, தடிப்பாகப் பட்டு விட்டால் தடி.

"1கமெ" என்றால் எதிர் இடது குழிக்குக் கட், மெல்லிசாகப் பட்டு விட்டார். "2நே+" என்றால் எதிர் வலதுக்கு நேர் அடி, விழுந்தது. ஒவ்வொரு போர்டின் தலையிலும் ஒரு வரி: "கே1 போ3 வெ 9-6", அதாவது முதல் கேம், மூன்றாவது போர்டு, அவர் வெள்ளை, அவருக்கு 9, எதிராளிக்கு 6. குழிவாயில் கிடக்கும் காயைத் தட்டிப் போட்டதையெல்லாம் எழுத வேண்டாம், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

முதல் நாளே தோட்டப் போட்டியில் போய் எழுத உட்காராதீர்கள், கை ஓடாது. நம் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பில் உலகப் பட்டம் வென்றவர். அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களின் பதிவுகளை யூடியூபில் ஓடவிட்டு எழுதிப் பழகுங்கள். மூன்று நாலு போர்டில் கை பழகிவிடும்.

ஊவாக் காற்று | ஜூன் 6

ஒன்று விட்டுப்போச்சு. பலகையையும் காலநிலையையும் எழுதாத குறிப்பு எங்கள் பக்கம் செல்லாது.

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் இப்போது தென்மேற்கு மழை. மண்டபத்துக்குள்ளேயே பனிமூட்டம் வந்து நிற்கும். பிளைவுட் ஈரம் குடிக்கும், போரிக் பவுடர் கட்டி கட்டியாக ஒட்டும், காய் பாதி வழியில் சோர்ந்து நிற்கும். அந்தப் பலகையில் மெல்லிய கட் அடிக்கிறவர் எல்லோருமே குழிக்கு நாலு விரல் முன்னால் காயை நிறுத்துவார்கள். உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் பண்டாரவளையில் ஆகஸ்டில் காற்று காய்ந்து வீசும், பலகை கண்ணாடி மாதிரி ஓடும். அங்கே அதே ஆள் அதே கட்டை அரைப் பலத்தில் போடுவார். அட்டன் குறிப்பை அங்கே கொண்டுவந்தால் கொழுந்துக்கூடைக்கு நடந்ததுதான் நடக்கும்.

நல்ல பலகையில் முழுப் பலத்தில் அடித்த ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்றரைத் தடவை போய்வர வேண்டும் என்பது அளவுகோல். ஆட்டம் தொடங்க முன் யாராவது பலமாக ஒரு அடி அடித்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதை எண்ணி எழுதுங்கள். 3½, 3, 2½. இந்த ஒரு எண் பக்கத்தின் தலையில் இருந்தால் போதும்.

விளக்கையும் பாருங்கள். முன்பு பலகைக்கு மேலே பழைய குண்டு பல்பு தொங்கும். அதன் சூட்டில் நடுப்பகுதி காய்ந்து, மூலைகள் ஈரமாகவே இருக்கும். நடுவில் விறுவிறுவென்று போகிற காய் குழியை நெருங்கும்போது சோரும். இப்போது எல்லா இடமும் எல்இடி, சூடு இல்லை, பலகை முழுக்க ஒரே ஈரம்.

மேக்கணக்கு | ஜூன் 6, இரவு

சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

அதோடு சேர்த்து என் 3ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம். "மெல்லிசாகவே பட்டால் பழக்கம்" என்றேன். அது பாதிதான் சரி. பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் காய் ஒரே பக்கம்தான் இழுபடும். சிமெந்துத் தரை மட்டமில்லாத வாசிகசாலைகளில் இது சாதாரணம், ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அட்டைத்துண்டு வைத்துத்தான் ஆட்டமே நடக்கும்.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு கேமும் முடிய ஆட்டக்காரர் பக்கம் மாறுகிறார்கள். மூன்றாவது கேம் வந்தால் நடுவிலும் மாறுவார்கள். குழி எண் ஆளோடு போகிறது, சாய்வு பலகையோடு நிற்கிறது. பக்கம் மாறிய பிறகும் அவர் தன் 1ஆம் குழிக்கே விட்டால் அது அவர் பழக்கம். ஜன்னல் பக்க மூலை முன்பு அவருக்கு 1, மாறிய பின் 3. தவறுகள் அந்த மூலையோடேயே நின்றுவிட்டால் குற்றம் பலகையில். ஆகவே தலைவரியில் "ஜன்னல் பக்கம்", "கதவுப் பக்கம்" என்று அவர் உட்கார்ந்த இடத்தையும் சேருங்கள். ஒரே ஒரு கேம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு இது பிடிபடாது.

மஸ்கெலியா தம் | ஜூன் 9

எத்தனை தடவை பார்த்தால் நம்பலாம்? மூன்றுக்கு மூன்று விட்டால் போதுமா?

மேக்கணக்கு | ஜூன் 9

போதாது.

போக்கர் சீட்டாட்டப் போட்டி ஆடுவோர் எதிராளியைப் பற்றி இதே வேலையைச் செய்கிறார்கள்: எத்தனை கையில் (ஒரு கை என்றால் ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது) தானாகப் பணம் போட்டார், எத்தனை தடவை பந்தயத்தைக் கூட்டினார், மற்றவர் கூட்டினால் எத்தனை தடவை சீட்டை மடக்கி விலகினார். இணையத்தில் ஆடினால் ஒரே ஆள்மீது நூற்றுக்கணக்கான கைகள் கிடைக்கும். அப்படியிருந்தும் அபூர்வமான சந்தர்ப்பங்களுக்கு எண்ணிக்கை போதாமல் தடுமாறுவார்கள். கரத்தில் ஒரு ஆளை வருடத்துக்கு மூன்று நாலு போட்டியில் பார்க்கிறோம். குறிப்பிட்ட ஒரு கட் ஒரு போட்டியில் நாலைந்து தடவை வந்தால் அதிகம்.

எளிய கணக்கு ஒன்று: பார்த்ததோடு கற்பனையாக ஒரு விழுந்த அடியையும் ஒரு விட்ட அடியையும் கூட்டிக்கொண்டு வகுங்கள். மூன்றுக்கு மூன்று விட்டால் 4/5, அதாவது 80 வீதம், நூறு அல்ல. நாலுக்கு மூன்று என்றால் 4/6, 67 வீதம். இருபதுக்குப் பதினைந்து என்றால் 16/22, 73 வீதம். நாலுக்கு மூன்றும் இருபதுக்குப் பதினைந்தும் வெறும் கணக்கில் ஒரே 75தான், ஆனால் பின்னது எவ்வளவு கெட்டியானது என்பது இப்படிப் போட்டால் தெரியும். சின்ன எண்ணிக்கை எப்போதும் நடுவை நோக்கி இழுபடும். இழுபடத்தான் வேண்டும்.

போன வருடக் குறிப்பைப் பாதி எடையில் எடுங்கள். பத்தில் ஆறு என்று இருந்தால் ஐந்தில் மூன்று என்று வைத்து, இந்த வருடத்தோடு கூட்டுங்கள். ஆட்கள் பழகித் திருந்துகிறார்கள்.

மேக்கணக்கு | ஜூன் 15

குழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது தோன்றுவது, குழியைவிடப் புள்ளிதான் அதிகம் சொல்லும். ஒரு கட் விழுவதும் விடுவதும் ஈரத்தோடும் கையோடும் மாறும். 21 புள்ளியில் நிற்கும்போது ஒருவர் எதை முதலில் தேடுகிறார் என்பது லேசில் மாறாது.

கணக்கைப் பாருங்கள். 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அதில் கேம் முடியும். போர்டை வென்றவருக்கு எதிராளியின் மீதிக் காய்கள், ஒவ்வொன்றுக்கும் 1. சிவப்பை அவரே மூடியிருந்தால் (அதை எடுத்ததோடு தன் காய் ஒன்றையும் போட்டிருந்தால்) இன்னும் 3. ஆனால் 22ஐத் தொட்டவருக்குச் சிவப்பின் 3 கிடையாது. ஆக 21இல் நிற்பவருக்குச் சிவப்பும் எதிராளியின் ஒரே ஒரு மீதிக் காயும் போதும்: 21+3+1. 22இல் நிற்பவருக்கு மூன்று மீதிக் காய் கட்டாயம் வேண்டும். ஒரு புள்ளி கூட இருப்பவருக்கு வேலை கூடிவிடுகிறது.

இது தெரிந்து ஆடுகிறவரும் உண்டு, தெரியாதவரும் உண்டு. 18 முதல் 21 வரை அவர் நிற்கிற போர்டுகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சிவப்பு எத்தனையாவது காய்க்குப் பின் எடுத்தார்? எடுக்கும்போது ஃபாலோ காய் (சிவப்பை மூடப் போடும் தன் காய்) குழிவாயில் தயாராக இருந்ததா, அல்லது எடுத்துவிட்டுத் தேடினாரா? தன் காய் ஒன்றாவது விழுந்த பின்தான் சிவப்பை எடுக்கலாம், எடுத்தால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ ஃபாலோ விழ வேண்டும், விழாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும். ஃபாலோ இல்லாமல் எடுக்கிறவர் 21இல் இரண்டு மடங்கு அவசரப்படுவார். அப்படி ஒருவர் எதிரே இருந்தால், அவருடைய காய் எதுவும் குழிவாயில் சும்மா கிடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த போர்டில் உங்கள் முதல் வேலை. சிவப்பைக் காவல் காக்க வேண்டியதில்லை. அவர் எடுப்பார், ஃபாலோ விழாது, முறை உங்களிடம் வரும், சிவப்பு நடுவில் இருக்கும்.

எட்டாவது போர்டும் அப்படித்தான். 18-11 என்று 7 புள்ளி முன்னால் நிற்பவர் அந்த போர்டை வெல்ல வேண்டியதே இல்லை. ஆறு காயைப் போட்டுவிட்டால் மீதம் 3, சிவப்போடு சேர்த்து எதிராளிக்கு 6தான், 17. கேம் முன்னால் நிற்பவருக்கே. இதைக் கணக்கிட்டுச் சுலபமான ஆறு காயை மளமளவென்று எடுக்கிறவரா, பழக்கத்தில் கொத்தை உடைத்துச் சிவப்புக்குப் போகிறவரா என்று குறித்து வையுங்கள். முதல் வகை ஆளிடம் பின்தங்கிப் போகக்கூடாது. இரண்டாம் வகை ஆளிடம் கடைசி போர்டு வரைக்கும் வழி இருக்கிறது.

ஊவாக் காற்று | ஜூன் 16

ஆமாம். நேரத்தையும் இதோடு சேருங்கள். வழக்கமாக ஆறு செக்கனில் அடிக்கிறவர் 20 தாண்டியதும் பன்னிரண்டு எடுக்கிறாரா, மூன்றில் அடிக்கிறாரா? மனதுக்குள் எண்ணினால் போதும், கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், ஆடுகிறவருக்கு உறுத்தும்.

மஸ்கெலியா தம் | ஜூன் 22

இரட்டையருக்கு எப்படி? நாலு பேரையும் எழுத முடியாது.

மேக்கணக்கு | ஜூன் 22

உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும் எதிராளியை மட்டும் எழுதுங்கள். அவர் விட்டுவைத்ததைத்தான் நீங்கள் ஆடுகிறீர்கள்.

மஸ்கெலியா தம் | ஜூன் 23

அதில் எனக்கு உடன்பாடில்லை. முறை வலப்பக்கமாகச் சுற்றுகிறது. நான் அடித்து முடிய அடுத்தவர் என் வலப்பக்க ஆள். நான் எதை விட்டுவைக்கிறேன் என்பது அவருக்குத்தான் போகும். என் கையில் இருப்பது அது மட்டும்தான். இடப்பக்கத்தவர் எதை விட்டுவைப்பார் என்று தெரிந்து நான் செய்ய என்ன இருக்கிறது?

மேக்கணக்கு | ஜூன் 23

நீங்கள் சொல்வதே சரி. நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்: வலப்பக்கத்தவரின் குழிகளை எழுதுங்கள், இடப்பக்கத்தவரைப் பற்றி அவர் தன் காயால் குழியை மறிக்கிற ஆளா என்ற ஒன்றை மட்டும். அவர் மறிப்பார் என்றால் உங்கள் கூட்டாளி முந்திய சுற்றிலேயே உங்கள் காய் இரண்டு வேறு குழிகளுக்குப் பிரிந்து கிடக்கும்படி ஆட வேண்டும்.

தோட்டப் போட்டிகளில் தம் அனுமதியா என்று முன்கூட்டியே கேளுங்கள். சர்வதேச விதியில் பெருவிரலால் அடிக்கலாம், சில இடங்களில் மறுக்கிறார்கள். தம் நம்பி ஆடும் ஆளைப் பற்றிய குறிப்பில் பாதி, தம் இல்லாத போட்டியில் தள்ளுபடி.

மேக்கணக்கு | ஜூலை 7

குறிப்பைப் பலகையில் எப்படிப் பயன்படுத்துவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

முதலில் எண்ணைத் திருப்பிப் பழகுங்கள். அவருடைய 1 எதிரே இருக்கும் உங்களுக்கு 3. அவருடைய 2 உங்களுக்கு 4. இதைத் தலைகீழாக நினைத்து, பலவீனமான குழியைத் திறந்துவிட வேண்டியவர் பலமான குழியைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். பக்கத்தின் அடியிலேயே "அவர் 1 = என் 3" என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் காய் விழும் வாய்ப்பு இருக்கும் அடியில் குறிப்பை மறந்துவிடுங்கள். காயைப் போடுங்கள். குறிப்புக்கு வேலை வருவது, போட நல்ல காய் இல்லாமல் பாதுகாப்பாக ஆட வேண்டிய அடியில். அப்போது இரண்டு மூன்று வழி இருக்கும், எல்லாம் உங்களுக்கு ஒரே அளவு நல்லதாகத் தெரியும். அதில் அவருக்கு 1ஆம் குழிக் கட்டை மட்டும் விட்டுவைக்கும் வழியை எடுங்கள். அவருடைய 2ஐ மறிக்க நினைத்தால் உங்கள் காயை உங்கள் 4இன் வாயில் நிறுத்த வேண்டும். உங்கள் கைக்குக் கீழே கிடக்கும் அந்தக் காயைப் பிறகு எடுக்க உங்களுக்குத் தம் அல்லது டபுள் வர வேண்டும். வராது என்றால் மறிக்காதீர்கள், கடைசியில் அதே காயில் நீங்கள் மாட்டுவீர்கள்.

மூன்றாவது, ஒரு போட்டிக்கு ஒரு ஆளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஐந்து விஷயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பார்வை காயில் நிற்காது, ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய் ஃபைன் கட்டுவீர்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். ஆடுகிறவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து எழுதாதீர்கள், பக்கவாட்டில் இருங்கள். போனில் படம் பிடிப்பதானால் இருவரிடமும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். எழுதியதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். நாளை அதே ஆளோடு ஒரே அணியில் பணியக் கணக்குக்காரரை (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு ஆட்களை) எதிர்த்து ஆட வேண்டி வரும்.

கொழுந்துக்கூடை | ஜூலை 29

நீங்கள் சொன்னபடி ஒரு ஆளை மூன்று போட்டியில் எழுதினேன். இரண்டு அட்டன் பக்கம், ஒன்று பண்டாரவளை. சுருக்கம்:

1க: மொத்தம் 14. அட்டனில் 11க்கு 7 விட்டார், ஆறு மெல்லிசு, ஒன்று தடி. பண்டாரவளையில் 3க்கு 0.
2க: மொத்தம் 12, விட்டது 3.
18-21 புள்ளியில் நின்ற போர்டு 5. நாலில் ஃபாலோ இல்லாமல் சிவப்பு எடுத்தார், மூன்று தடவை திரும்பியது.
பலகை: அட்டன் 2½, பண்டாரவளை 3½.
முடிவு: இடது கட் விடுவார்.

ஆகஸ்டில் பண்டாரவளையில் இவரோடுதான் அரையிறுதி வரும் போலிருக்கிறது.

மேக்கணக்கு | ஜூலை 29, இரவு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

அட்டன் கணக்கு 8/13, 62 வீதம் விடுகிறார். பண்டாரவளையில் 1/5, 20 வீதம். மூன்றே அடிதான், அதைக் கெட்டியாகப் பிடிக்க முடியாது. ஆனால் போகிற திசை ஊவாக் காற்று சொன்னதோடு ஒத்துப்போகிறது. 2½ பலகையில் ஆறு மெல்லிசு என்றால் காய் சோர்ந்துவிடும் என்று பயந்து பலம் கூட்டுகிறார், பலம் கூட்டும்போது கை விலகுகிறது. 3½ பலகையில் அந்தப் பயம் அவருக்கு இல்லை. ஆகவே ஆகஸ்டுக்கு 1ஆம் குழியைப் பற்றிய குறிப்பு வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது அந்த ஐந்து போர்டு. ஃபாலோ இல்லாமல் நாலு, கணக்கில் 5/7. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த நாலில் எத்தனை அட்டனில், எத்தனை பண்டாரவளையில் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை | ஜூலை 30, காலை

பார்த்தேன் அண்ணே. அட்டனில் மூன்று, பண்டாரவளையில் ஒன்று. பண்டாரவளையில் 18-21இல் நின்றதே அந்த ஒரு போர்டுதான். 21-16, ஏழாவது போர்டு, கறுப்பு. ஃபாலோ கொத்துக்குள்ளே இருந்தது, எடுத்துவிட்டார், திரும்பியது.

மேக்கணக்கு | ஜூலை 30

அப்போ பக்கத்தில் அது ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். அவர் 18ஐத் தொடும்வரை பக்கத்தைத் திறக்க வேண்டாம்.